ரைடரிடமிருந்து கார்னருக்கு: காவிரி டெல்டாவின் ஒரு பள்ளிக் கபடி அணியில் தலைமைப் பொறுப்பு கைமாறிய விதம்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட அணி, திருவாரூர் மாவட்டத்தின் வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் 19 வயதுக்குட்பட்ட மாணவியர் கபடி அணியாகும். 2024, 2025 ஆகிய இரண்டு போட்டிப் பருவங்களில் அந்த அணியின் பயிற்சிகளையும் ஆட்டங்களையும், பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை அழைத்ததன் பேரில், ஒரு கபடிப் பயிற்சியாளராக நான் உடனிருந்து கவனித்தேன். மாணவியர் சிறார் என்பதால் அவர்களுடைய பெயர்களையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன். ஒவ்வொருவரையும் ஆடுகளத்தில் அவர் நிற்கும் இடத்தைக் கொண்டே குறிப்பிடுகிறேன். ஆய்வின் கேள்வி ஒன்றுதான்: நல்ல ஆட்டக்காரர்களைக் கொண்ட இந்த அணி நெருக்கடி வந்தபோதெல்லாம் வாயடைத்து நின்றது ஏன், அடுத்த ஆண்டில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் எல்லோருக்கும் முன்பாக முடிவெடுக்கும் நிலைக்கு அதே அணி எப்படி வந்தது?

டெல்டாவில் கபடிக்கு ஆள் பஞ்சம் கிடையாது. தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு அது என்பதைவிட, தை மாத அறுவடை முடிந்ததும் திடலிலும் காய்ந்த வயலிலும் விளக்குக் கட்டி இரவெல்லாம் நடக்கும் தொடர் ஆட்டங்கள்தான் இங்குள்ள பிள்ளைகளுக்கு அதை அறிமுகப்படுத்துகின்றன. மன்னார்குடியை அடுத்த வடுவூர் போன்ற ஊர்களில் கபடி தெரியாத வீடு அரிது. ஆனால் இந்த ஊர் அணிகளில் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை பெரும்பாலும் யோசனைக்கு இடமில்லாமல் நடக்கிறது. வயதில் மூத்தவர், செலவு செய்பவர், அல்லது எதிரணிக் களத்துக்குள் பாடிச் சென்று அதிகப் புள்ளி எடுத்துவரும் ரைடர் ஆகிய மூவரில் ஒருவர் தலைவராகிவிடுகிறார். பள்ளிகளும் இதே வழியில்தான் போகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் சிறந்த ரைடரின் பெயருக்கு எதிரே 'கேப்டன்' என்று எழுதப்படும். டாஸ் போடுவதும், புள்ளித் தாளில் கையெழுத்திடுவதும், வென்றால் கோப்பையை வாங்குவதும் அவருடைய கடமைகளாக முடிந்துவிடும். மற்ற எல்லா முடிவுகளையும் கோட்டுக்கு வெளியே நிற்கும் ஆசிரியர் எடுப்பார்.

இந்தப் பழக்கத்தில் உள்ள குறையைக் கபடியின் விதிகளே காட்டிக்கொடுக்கின்றன. ஆட்டத்தில் அதிகம் வெளியேற நேரும் ஆள் ரைடர்தான். எதிரணிக் களத்துக்குள் 30 வினாடி தனியாக நின்று போராடிவிட்டு, பிடிபட்டால் கடைக்கோட்டுக்குப் பின்னால் உள்ள சிட்டிங் பிளாக்கில் போய் உட்கார வேண்டும். தன் அணி புள்ளி எடுத்து, தனக்கு முன்பு வெளியேறியவர்கள் எல்லாம் வரிசைப்படி உள்ளே போன பிறகே அவர் மீண்டும் களத்துக்குள் வர முடியும். வெளியே இருக்கும்போது அவர் வாய் திறக்கவும் கூடாது. பயிற்சியாளரோ ஆட்டக்காரரோ வெளியிலிருந்து ஆலோசனை கூவுவதை விதிநூல் தவறு என்றே வகைப்படுத்துகிறது. ஊர்ப் போட்டிகளில் நடுவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. மாவட்ட அளவுக்கு மேல் எச்சரிக்கை கொடுத்துவிடுவார்கள். ஆக, அணி மிக மோசமாகச் சிக்கியிருக்கும் தருணம் எதுவோ, பெரும்பாலும் அதே தருணத்தில்தான் தலைவர் களத்துக்கு வெளியே பேச முடியாமல் உட்கார்ந்திருப்பார். உள்ளே இருந்தாலும் ஆட்டத்தின் பாதி நேரம் அவருடைய கவனம் அடுத்த ரைடைப் பற்றியதாகவே இருக்கும். இதைச் சொல்வதால் ரைடர்கள் தலைவர்களாகவே ஆகக் கூடாது என்று நான் வாதிடவில்லை. சிறந்த ரைடர் என்ற ஒரே காரணத்துக்காகத் தலைமையை ஒருவரிடம் கொடுப்பது, அவருக்கும் அணிக்கும் செய்யும் தீங்கு என்பதே என் கருத்து.

முதல் பருவத்தில் நடந்தது

2024ஆம் ஆண்டில் இந்த அணியின் தலைவியாக இருந்தவர் பதினோராம் வகுப்பு மாணவி, முதன்மை ரைடர். காலின் வேகமும் துணிச்சலும் கொண்டவர். மாவட்டப் போட்டிக்கு முந்தைய கட்டமான குறுவட்டப் போட்டிகளில் இவர் ஒருவரின் புள்ளிகளாலேயே அணி கரையேறியது. மாவட்ட அளவிலான ஆட்டம் ஒன்றின் இரண்டாம் பாதியில், அணி சிறிய முன்னிலையில் இருந்தபோது, தொடர்ந்து இரண்டு ரைடுகள் புள்ளியில்லாமல் போயிருந்ததால் மூன்றாவதை இவர் 'டூ ஆர் டை' ரைடாகப் போக வேண்டியிருந்தது. புள்ளி எடுக்காமல் திரும்பினாலே அவுட் என்ற நிலை. போனார், பிடிபட்டார். அடுத்தடுத்த ரைடுகளில் உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்: ஒன்பதாம் வகுப்பில் படித்த இடது கார்னர் (வரிசையின் இடது முனையில் நிற்பவர்) மாணவியும், பன்னிரண்டாம் வகுப்பில் படித்த வலது கவர் (வலது முனைக்கும் நடுவுக்கும் இடையில் நிற்பவர்) மாணவியும். இருவருமே பிடிப்பவர்கள். ரைடு போய்ப் பழக்கமில்லாதவர்கள்.

ஒரு பாதிக்கு ஓர் அணி 30 வினாடி கொண்ட இரண்டு டைம் அவுட் கேட்கலாம். நடுவரின் அனுமதியோடு தலைவரோ, பயிற்சியாளரோ, களத்தில் உள்ள எந்த ஆட்டக்காரருமோ அதைக் கேட்க விதி இடம் தருகிறது. அன்று இரண்டும் கேட்கப்படாமல் கையில் இருந்தன. யாரும் கேட்கவில்லை. சிட்டிங் பிளாக்கிலிருந்து தலைவி கத்தினார், நடுவர் எச்சரித்தார். கோட்டுக்கு வெளியிலிருந்து ஆசிரியையும் மாணவியரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு யோசனைகளைக் கூவினார்கள். உள்ளே இருந்த இருவரும் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் வெளியே பார்த்துக்கொண்டிருக்கையில் எதிரணி ரைடர் ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். மற்றவரும் உடனே வீழ, லோனா விழுந்தது; அதாவது முழு அணியும் வெளியேறியதால் எதிரணிக்கு இரண்டு புள்ளி கூடுதலாகப் போனது. ஆட்டமும் கைநழுவியது.

அன்று மாலை ஆசிரியை ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: டைம் அவுட் ஏன் கேட்கவில்லை? "நீங்க கேப்பீங்கன்னு நெனச்சோம் மிஸ்" என்பதே பெரும்பாலோர் பதில். தலைவி, "நான்தான் வெளிய இருந்தேனே மிஸ்" என்றார், அதுவும் உண்மைதான். இடது கார்னர் மாணவி சொன்ன பதில்தான் இந்த ஆய்வின் தொடக்கம் என்று சொல்வேன். "எனக்குத் தோணுச்சு மிஸ். ஆனா அக்காங்கல்லாம் இருக்கையில நான் எப்படிக் கேக்கறது?"

ஆட்டத்தைப் படிக்கும் அறிவு அணிக்குள் இருந்தது என்பதையும், அந்த அறிவு உத்தரவாக மாறி வெளிப்பட வழியில்லை என்பதையும் அந்தப் பதில் ஒருங்கே சொன்னது. இளம் ஆட்டக்காரர்களிடம் தலைமைப் பண்பை வளர்ப்பது பற்றிப் பேசும்போது தன்னம்பிக்கை, பேச்சுத்திறன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். இந்த மாணவிக்குத் தன்னம்பிக்கை குறைவாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மூத்தவர் முன்னிலையில் இளையவர் முந்திப் பேசக் கூடாது என்று வீடும் ஊரும் கற்றுக்கொடுத்த ஒழுக்கத்தை அவர் களத்திலும் கடைப்பிடித்தார், அவ்வளவே. அந்த ஒழுக்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அதை மீறாமலேயே முடிவெடுக்க ஒரு வழி தேவைப்பட்டது.

முடிவுகளைப் பிரித்துக் கொடுத்தல்

2025 ஜூனில் பள்ளி திறந்தபோது உடற்கல்வி ஆசிரியை ஒரு முடிவுக்கு வந்திருந்தார். யார் தலைவி என்று அவர் அறிவிக்கவே இல்லை. தலைவியின் வேலைகள் எவையெவை என்று பார்த்து, அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தார். எந்த ரைடர் எப்போது போவது என்ற வரிசையைப் பழைய தலைவியே, அதாவது அப்போது பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட முதன்மை ரைடரே தீர்மானிப்பார். நடுவரிடம் பேசுவதும் டாஸ் போடுவதும் வலது கார்னர் மாணவியின் வேலை. டைம் அவுட் கேட்பதும், பிடிக்கும் வரிசையை நடத்துவதும் இடது கார்னர் மாணவியின் பொறுப்பு. அவர் பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தார்.

ஆசிரியையிடம் நான் கண்ட மிகப் பெரிய துணிவு, பயிற்சி ஆட்டங்களில் அவர் கடைப்பிடித்த மௌனம். விசிலை ஒரு மாணவியிடம் கொடுத்துவிட்டு, பேச்சு எட்டாத தூரத்தில் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வார். டைம் அவுட்டின்போது அருகில் வருவார். ஆனால் மாணவியர் பேசி முடிக்கும்வரை தானாக ஒரு சொல்லும் சொல்ல மாட்டார். முதல் சில வாரங்கள் அந்த 30 வினாடியும் தண்ணீர் குடிப்பதிலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதிலுமே கழிந்தன. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே பொறுமை போனது. ஆசிரியைக்குப் போகவில்லை. ஆடி மாதத்துக்குள் அந்த வெற்று நேரத்தைப் பிள்ளைகளே நிரப்பத் தொடங்கினார்கள்.

பயிற்சி ஆட்டங்களைச் சரிசமமான நிலையில் தொடங்காமல், தோற்கும் நிலையிலிருந்து தொடங்குவதை வழக்கமாக்கினார். களத்தில் இரண்டே பேர், ரைடர்கள் எல்லோரும் வெளியே, ஐந்து புள்ளி பின்தங்கல் என்று சூழலைச் சொல்லி ஆட்டத்தை ஆரம்பிப்பார். முந்தைய ஆண்டில் எந்த நிலையில் அணி வாயடைத்து நின்றதோ அந்த நிலையிலேயே அவர்களைத் திரும்பத் திரும்ப நிறுத்தினார்.

இடது கார்னர் மாணவி அதிகம் பேசுபவர் அல்லர். ஆனால் எதிரே வரும் ரைடர்களை நினைவில் வைத்துக்கொள்வதில் அவருக்கு இணையாக அந்த அணியில் யாரும் இல்லை. யார் வலப்பக்கமாக நுழைகிறார், கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டைத் தாண்ட எந்தக் காலை நீட்டுகிறார், திரும்பும்போது யார் பின்னுதை விடுகிறார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இதில் அவர் நிற்கும் இடத்துக்கும் பங்குண்டு. ஏழு பேர் வளைந்து நிற்கும்போது வரிசையின் முனையில் நிற்பவர் கார்னர். ரைடர் நடுவே வர வர, கார்னருக்கு அவருடைய பக்கவாட்டும் முதுகும் தெரியும். ரைடரின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதை நடுவில் நிற்பவரைவிட முனையில் நிற்பவர் முன்னதாகக் காண்கிறார். போனஸுக்காக ரைடர் ஒரு காலை ஊன்றி மறுகாலைத் தூக்கும் கணத்தில் கணுக்காலைப் பிடிப்பதா, விட்டுவிடுவதா என்பதை முடிவு செய்ய வேண்டியவரும் அவரே. ஆக, வரிசை முழுவதற்குமான முடிவுகள் இயல்பாகவே அந்த முனையில் பிறக்கின்றன.

இந்த இடத்தில் தர்மராஜ் சேரலாதனை நினைக்காமல் இருக்க முடியாது. தஞ்சாவூர் மாவட்டத்துத் திருச்சனம்பூண்டியில் பிறந்த அவர் ரைடர் அல்லர்; பிடிப்பவர். 2016இல் புரோ கபடி லீக்கின் நான்காம் பருவத்தில் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்று கொடுத்தார். அதே ஆண்டில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும், நாற்பது வயதைக் கடந்த நிலையில், இடம் பெற்றிருந்தார். வடக்கத்தி ஆட்டக்காரர்களும் அவரை 'அண்ணா' என்றே அழைத்தார்கள். பிடிக்கும் இடத்திலிருந்து அணியை நடத்தலாம் என்பதற்கு டெல்டாவின் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான சான்று வேண்டியதில்லை. ஆனால் சேரலாதனுக்கு இருந்த வயதும் அனுபவமும் நம் மாணவிக்கு இல்லை. அண்ணனாக இருந்து அணியை நடத்துவது ஒரு வகை. தங்கையாக இருந்து நடத்துவது முற்றிலும் வேறு.

அந்தச் சிக்கல் ஜூலையிலேயே வெடித்தது. பயிற்சி ஆட்டம் ஒன்றில் இடது கார்னர் மாணவி, "பின்னாடி வா, பின்னாடி வா" என்று கத்தியதை முதன்மை ரைடர் பெரும் அவமதிப்பாக எடுத்துக்கொண்டார். "பத்தாவது படிக்கிற புள்ள என்னைய வா, போங்குது மிஸ்" என்று ஆசிரியையிடம் முறையிட்டார். கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. களத்தில் "பின்னாடி வாங்க அக்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் எதிரணி ரைடர் தொட்டுவிட்டுப் போய்விடுவார் என்பதும் நியாயமே. தீர்வை இளையவரே முன்வைத்தார்: "உள்ள இருக்கறப்ப பேரு சொல்ல மாட்டேன், எடத்தச் சொல்லித்தான் கூப்புடுவேன். வெளிய வந்துட்டா அக்காதான்." அன்றிலிருந்து களத்தில் 'ரைட் கவர் பின்னாடி', 'சென்டர் நில்லு', 'போனஸ் விடு' என்ற சுருக்கமான சொற்கள் மட்டுமே புழங்கின. கட்டளை ஆளை நோக்கிப் போகாமல் இடத்தை நோக்கிப் போனதால் மூத்தவர்களின் மனமும் ஆறியது. அவரோடு கைகோத்து நிற்கும் லெஃப்ட் இன் மாணவியோடு சொற்களும் தேவைப்படவில்லை. கையை ஒரு முறை அழுத்தினால் நில், இரு முறை அழுத்தினால் போய்ப் பிடி.

சொல்லாமல் விட முடியாத இன்னொன்றும் இதில் இருக்கிறது. டெல்டாவின் ஊர் அணிகள் பல இடங்களில் தெருவாரியாகப் பிரிந்தே இருக்கின்றன. ஒரு தெருப் பிள்ளைகள் ஆடும் திடலுக்கு மற்றொரு தெருப் பிள்ளைகள் வருவதில்லை. எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் கைகோத்து நிற்கும் இடமாக அந்தப் பகுதியில் பள்ளி அணி ஒன்றே இருந்தது. இடது கார்னர் மாணவி விவசாயக் கூலிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் கட்டளையிடுவதும் மற்றவர்கள் அதன்படி நகர்வதும் ஆட்டத்தைப் பார்க்க வந்த சில பெரியவர்களுக்கு உவப்பாக இல்லை என்பதை நான் நேரில் கேட்டேன். களத்தில் இருந்த பிள்ளைகள் அதைப் பொருட்படுத்தவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

களத்துக்கு வெளியே

குறுவட்டப் போட்டிக்கு முன்பு அணித்தலைவியின் பெயரைப் படிவத்தில் எழுத வேண்டி வந்தபோது, ஆசிரியை மாணவியரிடமே கேட்டார். இடது கார்னர் மாணவியின் பெயரைச் சொன்னவர் முதன்மை ரைடர். குறுவட்டத்தில் அணி வென்றது. அதன் பிறகுதான் புதிய தலைவி முதல் முறையாகச் சறுக்கினார்.

ஒரு பிடியைத் தவறவிட்ட ஒன்பதாம் வகுப்பு ரைட் இன் (வலது கார்னரை அடுத்து நிற்பவர்) மாணவியை, திரும்பி வரும் பேருந்தில் எல்லோர் முன்னிலையிலும் கடுமையாக ஏசிவிட்டார். சொன்னவை ஆட்டத்தைப் பற்றியவைதான். ஆனால் சொன்ன இடம் தவறு. அடுத்த நாள் முதல் அந்தச் சிறுமி பயிற்சிக்கு வரவில்லை. தலைவி தானாகப் போய்ப் பேசுவார் என்று ஆசிரியை காத்திருந்தார். அவள் தானாக வருவாள் என்று தலைவி காத்திருந்தார். ஒரு வாரம் இப்படியே போயிற்று. கடைசியில் அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து பேசி, மறுநாள் கையோடு அழைத்துவந்தவர் பழைய தலைவியான முதன்மை ரைடர். "என்னையும் அவ திட்டியிருக்கா, நானே வர்றேன், ஒனக்கென்ன" என்று சொன்னாராம். பதவியில் இருந்த ஆண்டில் புள்ளி எடுப்பதைத் தவிர வேறெதையும் தன் வேலையாகக் கருதாத அந்த மாணவி, பதவி போன பிறகு அணியைக் கட்டிக்காப்பவராக வளர்ந்திருந்தார். என் கணிப்பில் இந்த ஆய்வின் மிக முக்கியமான செய்தி இதுதான். ஒருவரிடம் குவிந்திருந்த பொறுப்பைப் பிரித்தபோது தலைவர்கள் இருவராயினர். தலைவி அந்தச் சிறுமியிடம் பிறகு மன்னிப்புக் கேட்டாரா என்று ஆசிரியையும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் யாரையும் பேருந்தில் வைத்துக் குறை சொல்லவில்லை.

2025இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இலேயே திறக்கப்பட்டதால் குறுவைச் சாகுபடி அதிகம். அறுவடை நேரமான அக்டோபரில் மழை பிடித்துக்கொள்ள, நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் முன்பு நெல்லைக் குவித்துவைத்துவிட்டு இரவும் பகலும் தார்ப்பாய் போட்டுக் காவல் காக்கும் நிலை பல குடும்பங்களுக்கு வந்தது. பெற்றோர் கொள்முதல் நிலையத்தில் கிடந்தால் வீட்டில் தம்பி தங்கையரையும் மாட்டையும் பார்ப்பது மூத்த பெண் பிள்ளையின் வேலையாகிவிடும். இரண்டு மாணவியர் இதனால் பயிற்சிக்கு வர முடியவில்லை. பயிற்சி நேரத்தை மாலையிலிருந்து காலை முதல் மணிக்கு முன்பாக மாற்றலாம் என்ற யோசனை மாணவியரிடமிருந்தே வந்தது. மாலை நேரப் பேருந்தைத் தவறவிடும் கவலையும் அதனால் தீர்ந்தது. வர இயலாதவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பேசவும் தலைவி முன்வந்தார். இந்த இடத்தில் ஆசிரியை கோடு கிழித்ததை முழு மனதோடு வரவேற்கிறேன். தாய்மாரிடம் பேசுவதற்கு மட்டும் மாணவியை உடன் அழைத்துச் சென்றார். பயண அனுமதி, பாதுகாப்பு, செலவு ஆகியவற்றைத் தானும் தலைமை ஆசிரியையும் பார்த்துக்கொண்டார்கள். தலைமைப் பயிற்சி என்ற பெயரில் பெரியவர்களின் கடமைகளைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றிவிடும் போக்கைப் பல பள்ளிகளில் பார்க்கிறேன், அது தவறு.

பெற்றோர் கேட்ட கேள்விகளும் எளியவை அல்ல. அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். "கேப்டனா இருந்தா சர்டிஃபிகேட்டுல அது தனியா ஏறுமா?" என்று ஒரு தந்தை கேட்டார். தலைவிக்கும் மற்ற ஆட்டக்காரர்களுக்கும் சான்றிதழ் ஒரே வகையானதுதான் என்று ஆசிரியை மறைக்காமல் சொன்னார். அந்தத் தந்தை கொஞ்சம் ஏமாற்றத்தோடு தலையசைத்தார். மகளை நிறுத்திவிடவில்லை.

அதே அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் இரு கபடி அணிகளும் தங்கம் வென்றன. ஆண்கள் அணியில் வடுவூரின் அபினேஷ் மோகன்தாஸ் இருந்தார். பெண்கள் அணியின் துணைத் தலைவியாகச் சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா இருந்தார். வடுவூர்ப் பையன் என்று மாவட்டமே கொண்டாடியபோது, இந்த மாணவியர் அதிகம் பேசியது துணைத் தலைவியைப் பற்றி. உள்ளே அவர் என்ன சொல்வார், யாரிடம் சொல்வார் என்று கைபேசியில் ஆட்டத்தின் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள்.

இருவர் மிஞ்சிய ஆட்டம்

மாவட்ட அளவிலான அரையிறுதியில், முந்தைய ஆண்டின் நிலை ஏறக்குறைய அப்படியே திரும்பி வந்தது. இரண்டாம் பாதி தொடங்கிச் சிறிது நேரமே ஆகியிருந்தது. மூன்று ரைடர்களும் சிட்டிங் பிளாக்கில் இருந்தார்கள். களத்தில் தலைவியும், ஒருமுறை பயிற்சியை விட்டுப் போய்த் திரும்பிய அந்த ஒன்பதாம் வகுப்பு ரைட் இன் மாணவியும் மட்டுமே. தலைவி டைம் அவுட் கேட்டார். ஆசிரியை அருகில் நின்றார், பேசவில்லை. நேரம் முடிந்ததும் தலைவி நடுவரிடம் போய், தங்கள் இருவரையும் அவுட்டாக அறிவிப்பதாகச் சொன்னார்.

பார்வையாளர்களில் பலருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. ஒருவரோ இருவரோ மட்டும் மிஞ்சியிருக்கும் நிலையில், முழு அணியையும் மீண்டும் களத்துக்குக் கொண்டுவருவதற்காக அவர்களைத் தாமே அவுட் என்று அறிவிக்கும் உரிமை அணித்தலைவருக்கு உண்டு. அப்படி அறிவித்தால், மிஞ்சியிருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளியும் லோனாவுக்கு இரண்டு புள்ளியும் எதிரணிக்குப் போகும். இங்கே அது நான்கு புள்ளி. கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. பிள்ளைகள் தாமாகவே தோற்கிறார்கள் என்று ஒரு பெரியவர் எழுந்து சத்தம் போட்டார்.

இந்த முடிவைக் கணக்காகப் பார்க்க வேண்டும். அவர்கள் இருவரும் தொடர்ந்து ஆடியிருந்தால் கிடைக்கக்கூடிய பலன் ஒன்றே ஒன்று: மூன்று பேரோ அதற்குக் குறைவானவர்களோ ரைடரைப் பிடித்தால் கிடைக்கும் சூப்பர் டேக்கிள், அதாவது இரண்டு புள்ளி. ஆனால் இருவருமே ரைடர்கள் அல்லர். தங்கள் முறை வரும்போதெல்லாம் அவர்களில் ஒருவர் எதிரணிக் களத்துக்குப் போயாக வேண்டும். முதல் இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பலாம், மூன்றாவது டூ ஆர் டை. இடையிடையே எதிரணியின் சிறந்த ரைடரையும் சமாளிக்க வேண்டும். இருவரும் விழுந்தால் எதிரணிக்குப் போவது அப்போதும் அதே நான்கு புள்ளிதான். ஆக, எப்படியும் போகக்கூடிய நான்கு புள்ளியை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக நேரத்தையும், வெளியே உட்கார்ந்திருந்த மூன்று ரைடர்களையும் தலைவி திரும்ப வாங்கிக்கொண்டார். ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருந்திருந்தால் இது தவறான முடிவாகியிருக்கும். பாதி ஆட்டம் மிச்சமிருக்கையில் இது சரியான முடிவு என்பதே என் தீர்ப்பு. அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் இதைச் செய்யும் துணிவு வந்திருக்காது என்று ஆசிரியை பிறகு என்னிடம் சொன்னார்.

முழு அணியாகத் திரும்பி வந்தவர்கள் இடைவெளியைப் பெருமளவு குறைத்தார்கள். ஆனாலும் இரண்டு புள்ளியில் தோற்றார்கள். தோல்வியால் அந்த முடிவைப் பற்றிய விவாதம் அணிக்குள் இன்னும் ஓயவில்லை. 2025 அணியின் வலது கவர் மாணவி, ஒரு ரைடு வரை பொறுத்திருந்திருக்கலாம் என்கிறார். முதன்மை ரைடர், "நான் உள்ள இருந்திருந்தா ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன், ஆனா வெளிய இருந்து பாத்தப்ப சரின்னுதான் பட்டுச்சு" என்கிறார். திரும்பும் வழியில், சத்தம் போட்ட அதே பெரியவருக்குப் பேருந்து நிறுத்தத்து மண்ணில் கோடு போட்டு, நான்கு புள்ளிக் கணக்கைத் தலைவி விளக்கிக்கொண்டிருந்தார். அவர் முழுமையாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. கடைசிவரை நின்று கேட்டார்.

பிற பள்ளிகள் கவனிக்க வேண்டியவை

இது ஓர் அணியின் கதை; பொறுமை மிகுந்த ஓர் ஆசிரியை இல்லாமல் இது நடந்திருக்காது. இதைத் தம் பள்ளியில் செய்து பார்க்க விரும்பும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்வேன்: முடிவெடுக்கும் உரிமையைப் பயிற்சி ஆட்டத்திலும் குறுவட்டத்திலும் கொடுத்துப் பழக்காமல், நேரே மாவட்டப் போட்டியில் கொடுத்தால் பிள்ளைகள் உடைந்துபோவார்கள். கொடுத்த உரிமையை ஒரு தோல்விக்குப் பிறகு திரும்பப் பிடுங்குவது, கொடுக்காமலே இருப்பதைவிடக் கேடு. அடுத்ததாக, தேர்வுக் காலம். தலைவி பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத வேண்டியவர். ஆகவே அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவருடைய பொறுப்புகளில் ஒரு பகுதி மற்றவர்களுக்கு மாற்றப்பட்டது. இதைத் தண்டனையாக அவர் எண்ணிவிடாதபடி, முன்கூட்டியே, ஜூனிலேயே அவரிடம் சொல்லப்பட்டிருந்தது.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அவரை அனுப்ப ஆசிரியை எண்ணியிருக்கிறார். தேர்வானால் பள்ளி அணி அவரை இழக்கும். முதன்மை ரைடரும் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுப் போய்விடுவார். இருவருக்கும் பிறகு வரிசையை நடத்துவதற்காக, டைம் அவுட் கேட்கும் பொறுப்பு இப்போது ஒன்பதாம் வகுப்பு ரைட் இன் மாணவியிடம் தரப்பட்டிருக்கிறது. அண்மையில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவர் அதை மிக முன்னதாகக் கேட்டு வீணாக்கிவிட்டார் என்று ரைடர்கள் குறைப்பட்டார்கள். எதிரணி ரைடர் இரண்டு முறை தொடர்ச்சியாக என் பக்கமே நுழைந்ததால் கேட்டேன் என்று அவர் காரணம் சொன்னார். ஆட்டம் முடிந்த பின் களத்திலேயே உட்கார்ந்து அதைப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.